பிழை என்ற சொல்லை அழித்தவர்

நாங்கள் செய்த மென்பொருளை ஒருவர் பாவிப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது, அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் இருந்துகொள்வார். விரல் நீட்டிக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக. "வாயை மூடி வைச்சிருக்கலாம். கை சொன்னாக் கேக்காது," என்பார். எழும்பும்போது அவருடைய உள்ளங்கைகளில் கதிரைப் பிரம்பின் வரிகள் சிவப்பாகப் பதிந்திருக்கும். அதைத் தேய்த்துக்கொண்டே அடுத்த வேலைக்குப் போவார்.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். மொத்தம் ஏழு பேர். படிப்பு முடித்த கையோடு உரும்பிராயிலிருந்து பஸ்ஸில் வந்து வேலைக்குச் சேர்ந்த என்னை அக்காவிடம்தான் ஒப்படைத்தார்கள். நாற்பதைத் தாண்டியவர், மணம் செய்யாதவர். குருநகர்ப் பக்கம், கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவர். கொழும்பில் பெரிய இடமொன்றில் பல வருடம் நிரல் எழுதிவிட்டுத் திரும்பி வந்திருந்தார். எங்கள் முதலாளிக்கும்கூட அவர் அக்காதான். அவருடைய பெயரை இங்கே எழுதும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அக்கா என்றே எழுதுகிறேன்.

முதல் கிழமையே என்னை ஒரு மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நோயாளர்களைப் பதிவதற்கு நாங்கள் செய்துகொடுத்த மென்பொருள் அங்கே இருந்தது. அங்கே பதிவு எழுதுகிற, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஐயா நோயாளியின் பெயர், வயது, என்ன வருத்தம் என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிவிட்டு, சேமிக்கிற பொத்தானைத் தேடினார். அது திரையின் அடியில், கீழே இழுத்தால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. எனக்குக் கை துடித்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நானும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இருபது நிமிடம். ஐயாவின் நெற்றி வியர்த்துவிட்டது.

"எனக்கு வயசு போட்டுது பிள்ளை. உதுகள் இனி விளங்காது," என்றார்.

"இல்லை ஐயா. நீங்கள் வடிவாத்தான் செய்தனீங்கள். நாங்கள்தான் அதைக் கொண்டுபோய் ஒளிச்சு வைச்சிருக்கிறம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார் அக்கா.

வெறும் உபசாரத்துக்குச் சொன்னதாக நினைத்தேன். படி இறங்கும்போது அவருடைய முகம் கறுத்திருந்தது. "ஒராள் தன்னை மொக்கன் எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டை போனால், அண்டைக்கு நாங்கள் வேலை ஒண்டும் செய்யேல்லை," என்றார்.

அலுவலகக் கதவில் நீளமான கைபிடி ஒன்று இருந்தது. அதைப் பார்த்தால் எவருக்கும் இழுக்கத்தான் தோன்றும். ஆனால் அது தள்ளுகிற கதவு. வருகிறவர்கள் எல்லோரும் ஒருதரம் இழுத்து, வெட்கப்பட்டு, பிறகு தள்ளுவார்கள். முதலாளி 'தள்ளவும்' என்று எழுதி ஒட்டினார். அக்கா அதைக் கிழித்துவிட்டு, அடுத்த நாள் வீட்டிலிருந்து திருகாணி முடுக்கி கொண்டுவந்து கைபிடியையே கழற்றினார். அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்துப் பூட்டினார். "கதவுக்கு விளக்கம் எழுதினால் பிறகு என்னத்துக்குக் கதவு?" என்றார். அன்றிலிருந்து ஒருவரும் இழுக்கவில்லை.

எங்கள் மென்பொருள் எதிலும் 'பிழை' என்ற சொல் திரையில் வரக் கூடாது என்பது அவருடைய சட்டம். 'பிழையான இலக்கம்' என்று நான் எழுதி வைத்தால், அடுத்த நாள் காலையில் அது 'இந்த இலக்கத்தை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று மாறியிருக்கும். நிரலிலும் அப்படித்தான். புதிதாக எழுதுவதைவிட, எழுதியதில் பாதியை அழிக்கும்போதுதான் அக்காவின் முகம் தெளியும்.

எங்களோடு வேலை செய்த சுதன் அவரைப் பகிடி பண்ணுவான். "கள்ளன் வந்து பூட்டைத் திறக்கேலாமல் நிண்டால், அக்கா எழும்பிப்போய் மன்னிப்புக் கேப்பா. கேட்டுப்போட்டு அடுத்த நாள் பூட்டைத் திருத்தியும் வைப்பா."

"ஓமடா. நீ எழுதின நிரலைத் திறக்க வந்த கள்ளனெண்டால் அழுதுபோட்டுப் போயிருப்பான்," என்பார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒருமுறை கவனமில்லாமல் நான் எல்லோருடைய மூன்று நாள் வேலையையும் அழித்துவிட்டேன். "அழிக்க முன்னம் ஒருக்காக் கேக்கிற மாதிரி நான் செய்து வைச்சிருக்க வேணும். அது என்ரை பிழை," என்று சொல்லிவிட்டு, அக்காவே இருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தார். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அந்த நிம்மதிக்கு நான் பழகிப்போனேன் என்று இப்போது நினைக்கிறேன்.

வடகரையில் ஒரு கடற்றொழிலாளர் சங்கம் எங்களிடம் வந்தபோது நான் ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. அவர்கள் கேட்டது சின்ன விடயம். பின்னேரம் கடலுக்குப் போகிறவர்கள் விடியத் திரும்புவார்கள். எவராவது திரும்பாவிட்டால் சங்கத்துக்கு உடனே தெரிய வேண்டும். கடலுக்குள் போன் எடுபடாது என்பதால் பொத்தானை வீட்டில் இருக்கிற மனைவிமாரின் போனில் வைப்போம் என்று அக்கா தீர்மானித்தார். கணவன் போகும்போது ஒருதரம் அழுத்த வேண்டும், கரைக்கு வந்ததும் இன்னொருதரம். காலை எட்டு மணிக்குள் இரண்டாவது தரம் அழுத்தாவிட்டால் சங்கத்தின் போன் அலறும். மற்றப் படகுகள் தேடப் போகும்.

திரையை வரைந்தது நான். மேலே கணவனின் படம், கீழே ஒரே ஒரு பெரிய பொத்தான். அவர் கடலுக்குப் போனதும் படம் நிறமிழந்து சாம்பலாகும். கரைக்கு வந்ததும் நிறம் திரும்பும். இப்போது இல்லாத ஒன்றைச் சாம்பலாக்கிக் காட்டுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. அக்கா பார்த்துவிட்டு, "வடிவாக் கிடக்கு. ஒரு விளக்கமும் தேவையில்லை," என்றார். அன்று எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

ஐந்து வீடுகளில் கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. "நீர் உந்த வயித்தோடை பஸ்ஸிலை போகாதையும். நான் போறன்," என்றார் அக்கா.

"ஏலும் அக்கா. டொக்டரும் நடக்கச் சொன்னவர்," என்று நான் பிடிவாதமாக நின்றேன். வயிற்றைச் சாட்டி வேலையைத் தட்டிக்கழிக்கிறேன் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஐந்தாவது வீடு தர்சினியுடையது. மணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அவளுடைய கணவர் மூன்று மணிக்குப் படகை இறக்கினார். அவள் பொத்தானை அழுத்தினாள். படம் சாம்பலானது. நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடி அழுத்தினாள். நிறம் திரும்பியது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்பிடிப் பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு, மிஸ்."

எனக்கு விளங்கவில்லை என்று சொல்லத்தான் விருப்பம். ஆனால் அரைவாசி விளங்கியது. அவள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கையின் முகப்பு மதிலில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி நோட்டீசைத் தாண்டித்தான் நான் வந்திருந்தேன். அதிலும் ஒரு மனிதரின் முகம் இதே சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆனால் முதுகு உளைந்தது. பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. விளங்கியதை முழுதாக விளங்கிக்கொண்டால் திரையைத் திரும்ப வரைய வேண்டிவரும். நான் கைகளை எடுத்தேன். அவளுடைய போனை வாங்கினேன்.

"அப்பிடி அமத்தக் கூடாது. அவர் வந்தாப் பிறகுதான் அமத்த வேணும். இஞ்சை பாருங்கோ. விளங்கிச்சுதே?"

"ஓம் மிஸ். விளங்கிச்சுது," என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'பாவனையாளர் ஒருவர் பிழையாக அழுத்தினார். சரியான முறை காட்டிக்கொடுக்கப்பட்டது.' அக்கா வாசித்துக்கொண்டு வந்து, 'பிழையாக' என்ற சொல்லில் விரலை வைத்தார்.

"ஏன் அமத்தினவ?"

"தெரியாமல் அமத்திப்போட்டா, அக்கா."

"தெரியாமல் எண்டால்?"

"கை பட்டிட்டுது."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். "சரி. நீர் போய்ச் சாப்பிடும்," என்றார்.

ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு இரவு காற்றுக் கடுமையாக வீசியது. காற்று மாறினால் சிலர் அடுத்த ஊர்க் கரையில் படகை ஏற்றிவிடுவது வழக்கம். முன்பென்றால் சங்கத்தில் யாராவது கரையில் நின்று ஆள் ஆளாகப் பார்ப்பார்கள். எங்கள் செயலி வந்தபிறகு போனைப் பார்த்தார்கள். அன்று காலை போனில் எல்லோரும் கரைக்கு வந்திருந்தார்கள்.

தர்சினியின் கணவர் வரவில்லை. கூடப் போகிறவருக்குக் காய்ச்சல் என்று அவர் அன்று தனியாகப் போயிருந்தார். எட்டு மணிக்கு அவள் சங்கத்துக்குப் போய்க் கேட்டாள். "போனிலை வந்திட்டார் எண்டெல்லோ கிடக்கு. அடுத்த கரையிலை ஏத்தியிருப்பார். போய்ச் சமை பிள்ளை," என்றார்களாம். அவள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள். பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் ஓடிவந்து, முதல்நாள் விளக்கு வைக்கும்போது தானே அதை அழுத்திவிட்டதாகச் சொன்னாள். படகுகள் அதற்குப் பிறகுதான் போயின. அடுத்த நாள் அவருடைய படகு கவிழ்ந்தபடி கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

எட்டு மணிக்கே போயிருந்தால் கிடைத்திருப்பாரா? கடலோடிகளைக் கேட்டால் பாதிப்பேர் ஓம் என்றார்கள், பாதிப்பேர் இல்லை என்றார்கள். நான் இரண்டையும் மாறி மாறி நம்புகிறேன்.

சங்க மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அக்காவும் நானும் போனோம். அக்கா முதலில் தர்சினியோடு பத்து நிமிடம் தனியாக இருந்துவிட்டு வந்தார். தர்சினி சுவரோடு நிலத்தில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

"பெட்டை பிழையா அமத்திப்போட்டுது. என்ன செய்யிறது," என்று தலைவர் தொடங்கினார்.

கணவனின் தாய் எழும்பினார். "கடலிலை நிண்ட பிள்ளையைக் கரைக்கு வந்திட்டான் எண்டு அமத்தினவள் இவள்தானே. பிறகு ஆர் தேடப் போவினம்?"

அக்கா எழும்பி நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அவ பிழை விடேல்லை, அம்மா. உயிரோடை இருக்கிற மனுசன்ரை படத்தை அஞ்சலி நோட்டீஸ் மாதிரிக் கறுப்பாக்கி, அவற்றை மனிசியின்ரை கையிலை குடுத்தது நான். எங்கடை அப்பா கடலிலை நிக்கேக்கை அபசகுனம் எண்டு அம்மா அவற்றை சாரத்தைத் தோய்க்க மாட்டா. அந்த வீட்டிலை பிறந்த எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். விளக்கு வைக்கிற நேரம் புருசன்ரை முகத்தை அப்பிடிப் பாக்கேலாமல், நிறத்தைத் திருப்பி எடுக்கத்தான் உங்கடை மருமேள் அமத்தினவ. அந்த இடத்திலை நானெண்டாலும் அமத்தியிருப்பன்."

"மிஸ் பெரிய மனசாக் கதைக்கிறா," என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

"பெரிய மனசு என்ரை பிள்ளையைக் கொண்டுவந்து தருமே?" என்று கேட்டுவிட்டு அந்தத் தாய் நிலத்தில் இருந்துவிட்டார்.

எல்லோரும் அக்காவையே பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. தர்சினி முன்பும் ஒருதரம் அப்படிச் செய்ததை நான் கண்டேன், கண்டும் மறைத்தேன் என்று சொல்ல அதுதான் நேரம். வாயைத் திறக்க நினைத்தேன். குனிந்து பார்த்தால் என் கைகள் இரண்டும் தொடைகளுக்கு அடியில் இருந்தன.

திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னேன். "அக்கா, அவ முதலும் ஒருக்கா அப்பிடி அமத்தினவ. நான் கண்டனான்."

"தெரியும். அவ சொன்னவ."

"நான் உங்களிட்டைச் சொல்லேல்லை."

"ஆறு மாசப் பிள்ளைத்தாச்சியை அந்த வெய்யிலுக்கை அனுப்பினது நான். களைச்ச ஆள் என்னத்தைப் பாக்கும், என்னத்தை எழுதும்? திரும்பக் கேட்டனான். ஆனால் நான் திரும்பப் போகேல்லை. அது என்ரை பிழை."

"இல்லை அக்கா, அது என்ரை—"

"விடும்," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஆறுதல். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் யோசித்தேன், அவர் மன்னிக்கவே இல்லை. என் பங்கை என் கையில் தந்தால்தானே மன்னிப்பதற்கு? எல்லோருடைய பிழையையும் தன்னுடையதாக்கிக்கொள்வது அன்பா, அல்லது மற்றவர்களால் அதைத் தாங்க முடியாது என்ற எண்ணமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

அந்த மாத முடிவில் அக்கா வேலையை விட்டார். சங்கம் எங்கள் செயலியைக் கைவிட்டது. நான் பிரசவ விடுமுறையில் நின்றேன். அக்காவின் பழைய இலக்கம் ஒருநாள் வேலை செய்யாமல் போனது. மன்னார்ப் பக்கம் இருக்கிறார் என்று சுதன் சொன்னான். நான் தேடவில்லை. பிள்ளை சின்னன், பிறகு பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டேன்.

மகளுக்கு இப்போது நாலு வயது. போன மாதம் இரண்டு நாளாக ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. டொக்டர் காதுக்குள்ளிருந்து ஒரு பாசிமணியை எடுத்தார். வீட்டுக்கு வந்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏனம்மா, அம்மாவிட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"மணியைக் காதுக்கை வைக்கக் கூடாது எண்டு நீங்கள் சொல்லித் தந்தனீங்கள்தானே. பிறகும் நான் வைச்சிட்டன்," என்றாள்.

எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் தர்சினி ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு வடகரைக்குப் போனேன். தர்சினி இப்போது தன் தாய் வீட்டில் இருக்கிறாள். தையல் வேலை செய்கிறாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். பிரம்புக் கதிரையை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி வந்தது. நான் அதைத் தொடவில்லை.

"நீங்கள் அண்டைக்குக் காலமை சங்கத்திலை சொல்லாமல் திரும்பினது நான் உங்களை ஏசினதாலையோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஏசேல்லை மிஸ். வடிவாச் சொல்லித் தந்தனீங்கள். அதுதான். சொல்லித் தந்தாப் பிறகும் பிழை விட்டிட்டன் எண்டு வெக்கமாக் கிடந்தது. இப்ப வந்திடுவார், வந்தால் ஒருத்தருக்கும் தெரியவராது எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைச் சாம்பலாக்கியது நான் என்பதை, அவள் முதல்தரம் அழுத்தியபோது எனக்கு விளங்கியதை, அறிக்கையில் எழுதியதை, அக்கா கேட்டதற்குச் சொன்ன பொய்யை. அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் விளிம்பை மடித்து மடித்து விரித்தாள்.

"அப்ப அந்தப் பெரிய மிஸ் தான்தான் எண்டு சொன்னது?"

"அவ எனக்காகச் சொன்னது."

சட்டையைக் கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்து எங்கள் செயலியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். அது இன்னும் திறக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதை இயக்கிய கணினியை நாங்கள் எப்போதோ நிற்பாட்டிவிட்டோம். திரையில் அவளுடைய கணவர் நீலச் சேட்டோடு முழு நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அடியில் 'கரைக்கு வந்தாச்சு' என்று இருந்தது. கடைசியாக அவள் அழுத்தியபடியே.

"ஒவ்வொரு நாளும் பாப்பன். முந்தி இதுக்குக் கீழை ஒரு பட்டன் இருந்தது. கை பட்டு மாறிப்போடுமோ எண்டு பயந்து பயந்துதான் திறக்கிறனான். பிறகு ஒருநாள் பாத்தால் பட்டன் இல்லை," என்றாள்.

ஒரு பொத்தான் தானாகக் கழன்று போகாது. மன்னார்ப் பக்கம் எங்கேயோ இருந்து ஒருவர் இதை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு ஆளுக்காக. நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்; கைகள் பழையபடி தொடைகளுக்கு அடியில் போய்விட்டன.

"மிஸ், இப்ப எனக்குச் சொன்னதை மாமியிட்டைச் சொல்லுவியளோ?" என்று கேட்டாள் தர்சினி. "நாலு வருசமா என்னோடை கதைக்கிறேல்லை. ரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு."

தொடைகளுக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தேன். உள்ளங்கைகளில் பிரம்பின் வரிகள் பதிந்திருந்தன.

அந்த மாமியின் வீட்டுத் தகரப் படலைக்கு முன்னால், தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். தர்சினி ஒழுங்கை முடக்கில் நின்றுவிட்டாள். படலை சத்தம் போட்டது.

"ஆரது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"உங்கடை மகன்ரை படத்தைக் கறுப்பாக்கின ஆள், அம்மா," என்றேன்.